அட்டை மட்டும் அசல்

மேடம் அந்தச் சூட்கேஸைப் பேருந்தில் ஒருநாளும் மேல்தட்டில் வைத்ததில்லை. விருதுநகரில் ஏறிச் சிவகாசியில் இறங்கும்வரை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்தபடியே வருவார். கறுப்புப் பெட்டி, ஓரங்களில் தகரம் பதித்தது, கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். எங்கள் பக்கத்து நடத்துநர்களுக்குக் கனத்த பெட்டி எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். பட்டாசு ஏற்றிவிட்டால் அவர்கள் வேலை போய்விடும். ஒருமுறை நானும் அதே பேருந்தில் இருந்தேன். "என்னம்மா, உள்ள வெடி கிடி வச்சிருக்கீகளா?" என்று நடத்துநர் கேட்டார். "வெடிதான். ஆனா வெடிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. போலி மருந்து விக்கிறவன் தொழிலுதான் போகும்," என்றார் மேடம். பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டு, பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மேடம் எங்கள் மாவட்டத்து மருந்து ஆய்வாளர். மருந்துக் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் போய் மாதிரி எடுத்து, சரியான மருந்தா என்று சோதனைக்கு அனுப்புவது அவர் உத்தியோகம். நான் அப்போது சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பார்மசிஸ்ட். தீக்காய வார்டு வைத்திருந்த ஆஸ்பத்திரி. ஊரைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகளும் தீப்பெட்டிக் கம்பெனிகளும் இருக்கிற இடத்தில் அந்த வார்டில் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாயிரங்களின் பின்பாதி அது. கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்றிருந்த வருடங்கள்.

சூட்கேஸுக்குள் இருந்தது ஒரு சோதனைக் கருவி. பாடப் புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, நாங்கள் எச்.பி.எல்.சி. என்போம். மதுரையில் படித்த காலத்தில் நான் பார்த்தது ஒரு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேடத்தின் பெட்டியில் அதே வேலை நடந்தது. மருந்தைக் கரைத்து வடிகட்டி ஊசியால் செலுத்தினால், ஒரு சின்ன பம்பு அதை விரல் நீள எஃகுக் குழாய்க்குள் தள்ளும். குழாய்க்குள் மைதாவைவிட நுண்ணிய தூளை இறுக அடைத்திருப்பார்கள். கரைசலில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அதில் ஒன்று அந்தத் தூளைச் சீக்கிரம் கடந்துவிடும், ஒன்று ஒட்டிக்கொண்டு தாமதமாக வரும். வெளியே வருகிற வாசலில் ஒரு விளக்கு. அதன் முன்னால் மருந்து கடக்கும்போது, பக்கத்தில் இருக்கிற லேப்டாப் திரையில் கோடு மலையாக எழும்பி இறங்கும். அசல் மருந்தின் மலையும் நம் கையிலிருக்கிற மருந்தின் மலையும் ஒரே அளவாக இருந்தால் சரக்கு சரி. இல்லையென்றால் இல்லை. பேட்டரியில் ஓடியதால் கரண்டு போனாலும் நிற்காது.

ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் செய்த மாதிரிக் கருவி அது. சில மாவட்டங்களில் ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்திருந்தார்கள். மற்ற ஆய்வாளர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்க, மேடம்தான் கேட்டு வாங்கி வந்தார். காரணம் இருந்தது. சட்டப்படி எடுக்கிற மாதிரியை அரக்கு வைத்துச் சீல் போட்டு அரசாங்க ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசையில் கிடந்து, அறிக்கை திரும்பி வருவதற்குள் மருந்து உடம்புக்குள் போயிருக்கும், அந்த உடம்பு வீட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போயிருக்கும். "நான் பாக்குற உத்தியோகம் கருமாதிக்கு மறுநாள் வைத்தியர் வர்ற மாதிரி," என்று மேடம் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். கண் சிரிக்காது.

விருதுநகரில் மல்லியும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற சாயபு குடும்பம் மேடத்துடையது. குட்டையான உருவம், பருத்திச் சேலை, சேலைக்குக் கீழே ஆண்கள் போடுகிற மாதிரி ஷூ. கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் பதவி அவர் கண்ணுக்குத் தெரியாது. "எங்க கடையில வத்தல்ல தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தா, சாக்கப் பிரிக்கும்போதே மூக்கு சொல்லிரும். மருந்துக்கு மூக்கு பத்தாதும்மா. அதுக்குத்தான் இந்தப் பெட்டி," என்பார். எங்கள் கிடங்கில் ஊசி மருந்துகளுக்காக ஏ.சி. இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும் நாட்களில் பம்புக்குள் காற்றுக் குமிழி புகுந்து கருவி கோளாறு பண்ணும் என்பதால், எங்கள் கிடங்கு மேசையைத் தன் ஆய்வகமாக்கிக்கொண்டார். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. மற்ற ஆஸ்பத்திரிகளில் அவர் வருகிறார் என்றாலே அலமாரியைப் பூட்டுவார்கள். நான் டீ சொல்வேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிவகாசிக்காரர்கள் எதையும் அச்சைப் பார்த்துத்தான் மதிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் தாளைத் தடவிப் பார்ப்பார்கள். காலண்டர் கொடுத்தால் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, எந்த பிரஸ், எந்த மிஷின் என்று சொல்லிவிடுவார்கள். நாடு முழுக்கப் போகிற மருந்து அட்டைப் பெட்டிகளில் பாதி எங்கள் ஊரில் அச்சாகிறது என்பது எங்கள் பெருமை. பாதி என்பது எங்கள் கணக்கு; உண்மைக் கணக்கு யாருக்கும் தெரியாது. அட்டை சுத்தமாக இருந்தால் உள்ளே இருப்பதும் சுத்தம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லோருடைய கையும் அப்படித்தான் நடந்துகொள்ளும். டாக்டர் கையும் அப்படித்தான் நடந்துகொண்டது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. பக்கத்து அறையில் தீப்பிடித்து, ஓடும்போது சேலையில் பற்றிக்கொண்டது. காலும் இடுப்புக்குக் கீழேயும் வெந்திருந்தது. அந்த வார்டில் அதைவிட மோசமாக வந்து நடந்து போனவர்கள் இருந்தார்கள். "இது பொழைக்கிற கேசு," என்று பெரிய டாக்டரே சொன்னார். தீக்காயத்தில் முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால் பிறகு தீ எதிரி இல்லை, சீழ்தான் எதிரி. அதற்கு ஒரு ஊசி மருந்து. சின்ன பாட்டிலில் வெள்ளைத் தூளாக வரும். கரைத்து நரம்பில் போட வேண்டும். அவள் பிழைப்பது அந்தத் தூளில் இருந்தது.

ஊசி எடுத்துக்கொண்டு நர்ஸோடு வார்டுக்குப் போகும்போது நானும் சில சமயம் அவளிடம் நின்று பேசுவேன். "சிஸ்டர், தீவாளிக்குள்ள விட்டுருவாகளா? பிள்ளைக்குப் பாவாடை தைக்கணும். வெட்டி வச்சுட்டு வந்துட்டேன், அம்புட்டும் அங்கன தையல் மிஷின் மேல கெடக்கு," என்பாள். ஆஸ்பத்திரியில் சேலை கட்டிய எல்லோரும் அவர்களுக்கு சிஸ்டர்தான். அவள் புருஷன் ஒரு பிரஸ்ஸில் பஞ்சிங் மிஷின் ஓட்டுகிறவர். அச்சடித்த அட்டைத் தாளை, பெட்டியாக மடிக்கத் தோதாக வெட்டித் தருகிற மிஷின் அது. பேச்சு குறைவு. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலியான மருந்து அட்டைகளைப் பிரித்து மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருப்பார். கை சும்மா இருக்காத ஆள்.

காய்ச்சல் இறங்கவில்லை. ஊசி போய்க்கொண்டே இருந்தது, காய்ச்சலும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மேடம் பெட்டியோடு வந்தார். அன்றைக்கு எதைச் சோதிப்பது என்று ஒரு திட்டமும் இல்லை. வார்டில் அதிகம் செலவாகிற மருந்தைக் கொடு என்றார். நான் அந்த ஊசியை எடுத்துக் கொடுத்தேன். முதலில், ஒப்பிடுவதற்காகப் பெட்டியில் வைத்திருந்த அசல் மருந்தின் கரைசலைச் செலுத்தினார். திரையில் கோடு எழும்பி, கூர்மையாக நின்று, இறங்கியது. பிறகு எங்கள் பாட்டிலிலிருந்து எடுத்துக் கரைத்ததைச் செலுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலை வர வேண்டிய நேரம் வந்தது. எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடு வந்து படுத்துவிட்டது.

மேடம் குழாயைக் கழுவினார். பம்பில் குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். அசலை மறுபடி ஓட்டினார், மலை வந்தது. எங்கள் அலமாரியில் வேறு ஒரு அட்டையைப் பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து ஒன்றை ஓட்டினார், மேடுதான் வந்தது. "இந்த லோடு யாருக்கெல்லாம் போகுதும்மா?" என்றார். நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அந்தப் பெண்ணின் முகம் வந்துவிட்டது. அந்த வார்டில் மற்றவர்களுக்கு வேறு ஊசிகளும் சேர்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு இது ஒன்றுதான்.

மேடம் முதலில் தன் மேலதிகாரிக்கு போன் போட்டார். சரக்கை முடக்கி வைக்க அனுமதி கேட்டார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மேடத்தின் பதில் கேட்டது. "சட்டத்துல இந்தப் பெட்டி இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா வார்டுல ஆளு இருக்காக சார்." போனை வைத்துவிட்டு, சட்டப்படி எடுக்க வேண்டிய மாதிரிகளையும் எடுத்து அரக்கு வைத்தார். பிறகு இரண்டு பேரும் பெரிய டாக்டரிடம் போனோம்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரியாது. பொறுமையாகக் கேட்டார். சூட்கேஸைப் பார்த்தார். மருந்து அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளப்பு முத்திரை சரியாக இருந்தது. தேதி, எண், எழுத்து எல்லாம் சரியாக இருந்தது. "இது போலின்னா போலி இப்படியா மேடம் இருக்கும்?" என்றார். அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் மட்டும் வரக்கூடிய யோசனை. அந்தப் பெண்ணின் புருஷனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏய்யா, நீ பிரஸ்ஸுலதான இருக்க? இந்த அட்டைய நல்லாப் பாத்துச் சொல்லு."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் போனார். ஒட்டிய ஓரத்தை நகத்தால் பிரித்து, அட்டையைத் தட்டையாக விரித்தார். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, உள்பக்க மடிப்பை ஓரக்கண்ணால் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மாறியது. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த ஆள் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். "அய்யா, இது எங்க கம்பெனிச் சரக்கு. இந்தா, இந்த மூலையில பாருங்க, லேசாப் பிசிறு விழுதுல்ல? அங்கன பிளேடு மொண்ணை. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருக்கேன், சீசன்ல எங்க மாத்துறது. இது என் மிஷின்ல, என் கையால வெட்டுனது. சந்தேகமே இல்லை."

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "அட்டை அசல்தான். நான் அட்டையச் சொல்லலையே. உள்ள இருக்கிற பவுடரச் சொல்றேன்," என்றார். டாக்டர் பெருமூச்சு விட்டார். "மேடம், உங்க பெட்டிக்கு இன்னும் கவர்மெண்ட் அங்கீகாரமே இல்லை. இவரு இந்த அட்டைய வெட்டுனவரு. ரிப்போர்ட் வரட்டும், பாப்போம்," என்றார். ஊசியை அப்படியே தொடரச் சொல்லி எழுதினார். அசல் அட்டையை அசல் என்று சொன்ன ஒரு உண்மையால் காரியம் முடிந்தது. பொய் சொன்னவர் அந்த அறையில் யாருமே இல்லை.

வெளியே வராந்தாவில் மேடம் அந்தப் பெண்ணின் புருஷனை விடவில்லை. "அண்ணே, டாக்டர் சொன்னா சொல்லட்டும். வேற கம்பெனி ஊசி எழுதித் தாங்கன்னு நீங்க கேளுங்க. உங்க வீட்டுக்காரிக்கு. நீங்க கேட்டாத்தான் எழுதுவாரு." நானும் சொன்னேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "மேடம், நீங்க படிச்சவுக. ஆனா அட்டை எங்களோடது மேடம். எங்க கம்பெனியில வெளியாளு உள்ள நுழைய முடியாது. ஆர்டர் இல்லாம ஒரு தாள் ஓடாது. அதுல போலி எப்படி வரும்? எங்க சரக்க நானே நம்பலைன்னா அப்புறம் நான் அங்கன என்னத்துக்கு வேலை பாக்குறேன்?" என்றார். அசல் அட்டை எப்படிப் போலி மருந்தின் மேல் வந்து உட்கார்ந்தது என்று மேடத்துக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

மேடம் சும்மா இருக்கவில்லை. மதுரைக்குப் போய் வேறு கம்பெனி ஊசிகளைத் தன் கைக்காசில் வாங்கினார். எங்கள் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்து, மலை வந்த பிறகுதான் வார்டுக்குக் கொடுத்தார். அதற்குள் அந்தப் பெண் பிதற்ற ஆரம்பித்திருந்தாள். டாக்டரும் பயந்துபோயிருந்தார்; மறுபேச்சுப் பேசாமல் புது ஊசிக்கு மாற்றினார். மருந்து நல்ல மருந்து. ஆனால் சீழ் ரத்தத்தில் ஏறியிருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அவள் போய்விட்டாள். "பாத்தீங்களா, நீங்க கொண்டாந்த ஊசி போட்டும் கேக்கலையே. அப்ப மருந்து மேல என்ன தப்பு?" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் புருஷன் வேலைக்குத் திரும்பிய பிறகு, மேடம் அந்த பிரஸ்ஸுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து, ஆர்டர் வந்த விவரம், அனுப்பிய விவரம் எல்லாம் காட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளியே வந்து எதிர் டீக்கடையில் நின்றோம். சாப்பாட்டு நேரத்தில் அவள் புருஷனும் அங்கே வந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதைக்குக் கிட்டே வந்து நின்றார். மேடம் வேறொன்றும் கேட்கவில்லை. "அண்ணே, ஒரு ஆர்டருக்குச் சரியா எம்புட்டுத் தாள் வேணுமோ அம்புட்டுத்தான் அடிப்பீகளா?" என்று மட்டும் கேட்டார்.

"அது எப்படி மேடம்? கலர் சேர்ற வரைக்கும் கொஞ்சம் வீணாகும். பஞ்சிங்ல கொஞ்சம் போகும். அதுக்குச் சேத்துத்தான் ஓட்டுவாக. வேஸ்டேஜ்னு சொல்லுவோம். எல்லா பிரஸ்ஸுலயும் உள்ளதுதான்."

"அம்புட்டும் வீணாப் போயிருமா?"

"எங்க போகுது? என் கையில அம்புட்டு வீணாகாது," என்றார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நல்ல தாளே நெறைய மிச்சம் விழும். வெட்டுனதும் வெட்டாததுமா மூலையில அடுக்கி வச்சிருப்போம். மாசா மாசம் பழைய பேப்பர்க்காரரு வந்து எடைக்கு..."

அவர் நிறுத்திவிட்டார். டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார், அவர் வாங்கவில்லை. மேடம் தலையைக் குனிந்துகொண்டார். மேடத்துக்குத் தெரிந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த ஆள் வாயாலேயே வர வேண்டும் என்று மேடம் ஏன் நினைத்தார் என்பதுதான் புரியவில்லை. அதை நான் மேடத்திடம் பிற்பாடு கோபமாகவே கேட்டேன். "நானாச் சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டாரும்மா. ஏற்கெனவே ஒருவாட்டி சொல்லித்தான் பாத்தோமே," என்றார். அது நியாயம்தான். ஆனாலும் அந்த டீக்கடை வாசலை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த மனிதர் டீயைக் குடிக்காமல் சாலையைக் கடந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அரசாங்க ஆய்வகத்து அறிக்கை வந்தது. எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். அடுத்த சீசன் ஆரம்பித்திருந்தது. தரமற்ற மருந்து என்று அழகாக எழுதி, முத்திரை குத்தி வந்தது. வழக்குப் போட்டார்கள். மருந்துக் கம்பெனி, அது எங்கள் சரக்கே இல்லை என்றது. மொத்த வியாபாரி, நான் வாங்கி விற்றவன் என்றார். பிரஸ் முதலாளி, மிச்சத் தாள் குப்பைதானே, குப்பையை விற்பது குற்றமா என்றார். பழைய பேப்பர்க்காரர், எடைக்கு வாங்கினேன் எடைக்கு விற்றேன் என்றார். ஆளாளுக்குச் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. தூளை அடைத்தவன் யார் என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மொத்த வியாபாரி கொஞ்ச நாள் கழித்து மனைவி பெயரில் வேறு கடை திறந்தார். திறப்பு விழாப் பத்திரிகை நல்ல ஆர்ட் தாளில் அடித்திருந்தார்கள்.

மேடத்தின் பெட்டியைத் திருப்பிக் கேட்டார்கள். சோதனை ஓட்டம் திருப்தி, ஆனால் சட்டத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தது. "சட்டம் திருத்துற வரைக்கும் சீழ் காத்திருக்குமாம்," என்றார் மேடம். அவரையும் சென்னையில் உரிமம் புதுப்பிக்கிற மேசைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு மாதிரிதான் இருந்தது. ஒருமுறை போன் பேசியபோது, "இங்க ஏ.சி. நல்லா இருக்கும்மா, குமிழியே வராது," என்றார். அப்புறம் அவரே சிரிக்காமல் போனை வைத்துவிட்டார். ஓய்வு பெற்று விருதுநகருக்கே வந்து சில வருடம் இருந்தார். போன வருடம் காலமானார். அடக்கத்துக்குப் போனபோது, அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே தெரியவில்லை. "ஏதோ கவர்மெண்ட்ல இருந்தாக," என்றாள். எனக்கு அங்கேயே சத்தம் போட வேண்டும் போலிருந்தது.

அந்தப் புருஷனைப் பற்றிச் சொல்லவில்லையே. டீக்கடை வாசலிலிருந்து உள்ளே போனவர், மறுநாளிலிருந்து மிச்சத் தாளை எல்லாம் கத்தியால் குறுக்கே கீறிப் போட ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி அட்டையானாலும் சரி, ஒரு தாள் விடாமல். முழுத் தாளுக்குப் பழைய பேப்பர்க்காரர் தருகிற விலை வேறு, கீறின தாளுக்குத் தருகிற விலை வேறு. முதலாளி முதலில் நயமாகச் சொன்னார். பிறகு அதட்டினார். அவர் கேட்கவில்லை. "நல்லா வேலை தெரிஞ்ச ஆளு, பொண்டாட்டி போனதுல மண்டை கொழம்பிருச்சு," என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த ஊரில் அன்றைக்கு மண்டை தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். வேறு பிரஸ்ஸிலும் எடுக்கவில்லை. அந்த வியாதி பரவிவிடும் என்று பயந்திருப்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறினார். மனைவியைக் கொண்டுபோன வேலைக்கே போனார்.

நான் இப்போது விருதுநகரில் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் மதுரையில் மருந்துத் தொழில் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். அங்கே அதே வேலை செய்கிற கருவி, சாப்பாட்டு டப்பா அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு பையன் டை கட்டிக்கொண்டு விளக்கினான். ஒரு சொட்டு கரைசல் போதுமாம், முடிவு கைபேசியிலேயே வந்துவிடுமாம். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். ஏற்றுமதிக் கம்பெனிகள் என்றான். மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் யாராவது வாங்கினார்களா என்று கேட்டேன். என் கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு பேனா கொடுத்து அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒருநாள் மதியம் அந்தப் பஞ்சிங் மிஷின்காரர் என் கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனாலும் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கூட அவர் மகள், தோளில் காய்ச்சலோடு ஒரு கைக்குழந்தை. தீபாவளிப் பாவாடைக்குக் காத்திருந்த பிள்ளை இவள்தான். வேறு எங்கோ டாக்டரைப் பார்த்து, அங்கேயே மருந்தும் வாங்கியிருந்தார்கள். வாங்கிய பிறகும் குழந்தைக்குக் கொடுக்கவில்லையாம். "அப்பா விட மாட்டேங்காரு. அந்த சிஸ்டர்ட்ட காமிச்சுட்டுத்தான் குடுக்கணும்னு, உங்க கடைய விசாரிச்சு பஸ் ஏத்திக் கூட்டியாந்துட்டாரு," என்றாள் மகள். அவர் சட்டைப் பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாத்துச் சொல்லுங்க சிஸ்டர். குடுக்கலாமா?"

நான் கையில் எடுத்தேன். கம்பெனிப் பெயரைப் பார்த்தேன். தேதியைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தேன். பாட்டிலை வெளியே எடுத்து, மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அட்டையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்திருக்கிறேன். அச்சு சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தபோது அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை சிணுங்கியது.

"குடுங்க," என்றேன்.